காப்பு நீங்கிய நிறம்



இலக்கியத் தொடர் ஒன்றிலே மோட்டார் வாகனத்தின் தோலைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று சொன்னால், உங்களிற் சிலர் வானொலியின் குமிழைத் திருப்பிவிடக்கூடும். சற்றுப் பொறுங்கள். நான் தமிழ் கற்பிக்கிறவன். ஒரு பொருளைத் தேடிப் போனாலும் வழியிலே அதற்குரிய சொல்லைத் தேடுகிற பழக்கம் எம்மைப் போன்றவர்களை விடுவதில்லை.

வெயிலிலே கிடந்து நிறம் கெட்ட காரைப் பற்றி எமது ஊரார் எப்படிச் சொல்கிறார்கள் என்று கவனித்துப் பாருங்கள். 'மங்கிப்போச்சு' என்கிறார்கள். 'வெளிறிப்போச்சு' என்கிறார்கள். 'தேமல் விழுந்திட்டுது' என்கிறார்கள். 'தோல் உரிஞ்சிட்டுது' என்கிறார்கள். கேட்பதற்கு நான்கும் ஒன்றுபோலத் தோன்றும். ஆனால் ஒன்றல்ல. ஒவ்வொன்றும் ஒரு நோயின் ஒவ்வொரு கட்டம். ஒரு கட்டத்துக்குரிய வைத்தியத்தை இன்னொரு கட்டத்துக்குச் செய்தால் காசும் போகும், காரும் போகும்.

நிறக்கேட்டுக்கென்றே ஒரு சொல்லை வைத்திருந்த மொழி எமது மொழி. பசலை என்பது அந்தச் சொல். பிரிவினாலே தலைவியின் மேனி நிறம் மாறுவதைச் சொல்ல வள்ளுவர் 'பசப்புறு பருவரல்' என்று 119ஆவது அதிகாரத்தையே ஒதுக்கினார். பசலையில் ஓர் ஆறுதல் உண்டு. பிரிந்தவர் திரும்பி வந்தால் பசலை நீங்கிவிடும். பழைய நிறம் மீளும். காரின் மேனியில் வருகிற நிறக்கேட்டிலே மீளுவதும் உண்டு, மீளாததும் உண்டு. எது மீளும், எது மீளாது என்பதை அறிந்துகொள்வதுதான் இன்றைய பேச்சின் நோக்கம்.

முதலில் எமது வெயிலை நினைத்துக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணக் குடாநாடு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 10 பாகைக்குச் சற்றுக் குறைவான இடத்தில் இருக்கிறது. ஆண்டில் இரண்டு தடவை சூரியன் எமது உச்சந்தலைக்கு நேர் மேலே வருகிறது. சித்திரைப் புத்தாண்டை ஒட்டி ஒரு தடவை. ஓகஸ்ட் கடைசியில் இன்னொரு தடவை. மழையின் பெரும்பங்கு ஒக்ரோபர் முதல் டிசெம்பர் வரையில் பெய்து தீர்ந்துவிடும். எஞ்சிய மாதங்களிலே தரையும் வானமும் வெளிச்சந்தான். பனை நிழலோ கார் ஒன்றை மறைக்கப் போதாது. உலகத்தின் பெரிய பூச்சுத் தயாரிப்பாளர்கள் தங்கள் பூச்சுகளின் ஆயுளைச் சோதிப்பதற்கு அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தின் தென்பகுதியிலே தகடுகளை ஆண்டுக்கணக்கில் வெயிலில் வைத்துப் பார்ப்பார்கள். அந்த இடம் 25, 26 பாகையில் இருக்கிறது. நாங்கள் அதைவிட நிலநடுக்கோட்டுக்கு நெருங்கியவர்கள். அவர்கள் சோதனைக்காக வைக்கிற தகட்டை நாங்கள் வீட்டு வாசலிலே நிறுத்தி வைத்திருக்கிறோம்.

இனிப் பழைய கார்களைப் பார்ப்போம். 1952 முதல் 1954 வரை தயாரான ஒஸ்ரின் ஏ 40 சொமர்செற், 1948இல் வெளிவந்து 1970களின் தொடக்கம்வரை தயாரான மொறிஸ் மைனர் ஆகியவை எமது ஒழுங்கைகளிலே ஒரு மனித ஆயுட்காலத்துக்கு மேல் ஓடின. 'ஏ போட்டி' என்றால் பிள்ளைகளுக்கும் விளங்கும். 1990ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலே போர் மீண்டும் மூண்டு, பெற்றோல் குடாநாட்டுக்கு வருவது நின்றபோது, துளிப் பெற்றோலை ஊற்றி இயந்திரத்தை எழுப்பி, பிறகு மண்ணெண்ணெயிலே ஓட்டினார்கள். கலியாணப் பெண்ணும் அந்தக் காரிலேதான் போனாள். பிரசவ வேதனைக்காரியும் அந்தக் காரிலேதான் போனாள். 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்தார் இடம்பெயர்ந்தபோது நடக்க முடியாத முதியவர்களைச் சுமந்து சென்றவற்றிலும் அவை இருந்தன.

அந்தக் கார்களின் இயந்திரத்தைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். தோலைப் பற்றிப் பேசியதில்லை. அவற்றின் பூச்சு ஒற்றைப் பூச்சு. நிறப்பொடியும் அதைப் பிடித்து வைக்கிற பசையும் ஒன்றாகக் கலந்து, அதே கலவையைப் பல தடவை பூசியிருப்பார்கள். வெயில் பட்டு மேற்பரப்பிலுள்ள பசை செத்துப்போனால் நிறப்பொடி பிடிப்பிழந்து, சுண்ணாம்புச் சுவர்போல விரலிலே ஒட்டும். பார்க்கப் பரிதாபமாயிருக்கும். ஆனால் இது மீளக்கூடிய நோய். செத்த பகுதியைத் தேய்த்து அகற்றினால் கீழே அதே நிறம் உயிரோடு இருக்கும். அதனாலேதான் எமது பழைய சாரதிகள் ஒரு பழந்துணியும் கொஞ்சம் பொலிஷும் தோள்மூட்டில் வலியும் கொண்டு, நாற்பது வருடக் காரைக் கண்ணாடிபோல வைத்திருந்தார்கள். தேய்த்துத் தேய்த்துக் கடைசியில் மட்காட்டின் விளிம்பிலே செங்காவி அடிப்பூச்சுத் தலைகாட்டும்வரை அந்த வைத்தியம் பலித்தது.

அந்தப் பழக்கந்தான் இன்று எம்மை ஏமாற்றுகிறது. ஏனென்றால் கார்களின் தோல் மாறிவிட்டது. எமது கை மாறவில்லை.

உலகத்திலே கார்ப் பூச்சின் கதை வேடிக்கையானது. ஆரம்ப காலத்தில் தூரிகையாற் பூசி, ஒவ்வொரு படையையும் காயவிட்டு, வாரக்கணக்கில் காத்திருந்தார்கள். 1920களின் நடுப்பகுதியிலே விரைவில் காய்கிற 'டூக்கோ' என்ற பூச்சு அமெரிக்காவில் வந்தது, நிறங்கள் பெருகின. பிறகு அலுமினியத் துகள் கலந்த மின்னும் நிறங்களிலே மக்களுக்கு மோகம் பிறந்தது. அந்தத் துகளை வெயிலிலும் மழையிலும் வெறுமனே விட முடியாது. எனவே நிறத்தை மெல்லியதாகப் பூசி, அதன் மேலே நிறமே இல்லாத ஒரு பூச்சைப் பூசும் முறை வந்தது. 1980களிலே இது பரவியது. எமது கராஜ்களில் இதைக் 'கிளியர்' என்கிறார்கள். நான் இதைக் காப்புப் பூச்சு என்று சொல்ல விரும்புகிறேன். நூலின் தொடக்கத்திலே காப்புச் செய்யுள் வைப்பது எமது மரபு. நூலுக்குள் சொல்லப்படும் கதை காப்பிலே இல்லை. நூலுக்கு ஊறு நேராதிருக்க வேண்டுவதே அதன் வேலை. காரின் நிறமும் இந்தக் காப்பிலே இல்லை.

இந்தக் காப்பின் தடிப்பு எவ்வளவு என்று கேட்டால் வியப்பீர்கள். ஒரு மில்லிமீற்றரை ஆயிரம் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு மைக்ரோன். தலைமயிர் ஒன்று ஏறக்குறைய 70 மைக்ரோன். காப்புப் பூச்சு 40 முதல் 50 மைக்ரோன் வரைதான். மயிரிழையிலும் மெல்லிய அந்தப் படலத்துக்குள்ளே, சூரியனின் புற ஊதாக் கதிரை விழுங்கிக்கொள்ளும் சில இரசாயனங்களைக் கலந்து வைத்திருக்கிறார்கள். அவை கதிரைத் தாம் ஏற்றுக்கொண்டு பசையைக் காக்கின்றன. ஆனால் ஆண்டுகள் போகப்போக அவை தேய்ந்து தீர்ந்துபோகின்றன. அதன் பிறகு கதிர் பசையின் பிணைப்புகளை முறிக்கிறது. காற்றிலுள்ள ஒட்சிசன் முறிந்த இடத்திலே புகுகிறது. படலம் கலங்குகிறது, வெடிக்கிறது. இன்னும் கொஞ்சம் கடந்தால் கதிர் கீழே இறங்கி, நிறத்துக்கும் காப்புக்கும் இடையிலுள்ள ஒட்டையே கெடுத்துவிடுகிறது. அப்போதுதான் தோல் உரிகிறது. கூரை, பொனற், டிக்கி மூடி என வானத்தைப் பார்த்துக் கிடக்கிற இடங்கள் முதலிலே போகும். கதவுகள் நின்றுகொண்டிருப்பதால் பிழைத்துக்கொள்ளும்.

2009இல் போர் முடிந்து, பாதை திறந்து, யப்பானிலிருந்து வந்த பாவித்த கார்கள் குடாநாட்டை நிறைத்தன. 2020 மார்ச்சிலே வாகன இறக்குமதியை அரசாங்கம் நிறுத்தியது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில். இடையிலே கழிந்த ஐந்து ஆண்டுகள் எந்தப் பழைய காரையும் கழிக்க முடியாத ஆண்டுகள். இருந்ததை வைத்துக்கொண்டோம், விலை ஏறியதால் விற்பவர்களும் பெருகினார்கள். பழைய கார் விலையேறினால் பழைய காருக்குப் பூசுகிற பொய்யும் விலையேறும்.

எங்கள் வீட்டிலே 1990களின் இறுதியில் தயாரான ஒரு கரும்பச்சைக் கார் நிற்கிறது. அதன் கூரையிலே உள்ளங்கை அகலத்தில் வெண்திட்டுகள் விழுந்தபோது, வாகனங்களுக்குப் பெயின்ற் அடிக்கிற முதியவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். அறுபதைக் கடந்தவர். ஏ போட்டிக்கும் பூசியவர். இன்றைய கார்களுக்கும் பூசுகிறவர். அவர் பொலிஷ் ரின்னைத் தொடவில்லை. ஒரு செம்பு தண்ணீரைக் கூரையிலே ஊற்றினார். வெண்திட்டுகள் மறைந்து, பச்சை நிறம் புதிதுபோலத் தெரிந்தது.

"வடிவாயிருக்குது, என்ன மாஸ்டர்? காயட்டும், பாருங்கோ," என்றார்.

தண்ணீர் காய்ந்ததும் திட்டுகள் திரும்பி வந்தன.

"நிறம் சாகேல்லை. மேல்தோல்தான் செத்துப்போச்சு. செத்த தோலைத் தேய்ச்சு என்ன காண்கிறது?"

அவர் காட்டியது எளிமையான சோதனை. வெடித்த காப்பின் நுண்ணிய பிளவுகளைத் தண்ணீர் நிரப்பும்போது ஒளி சிதறாமல் உள்ளே போகிறது, நிறம் தெரிகிறது. காய்ந்தால் மீண்டும் சிதறுகிறது. எண்ணெய் பூசினாலும் இதுவே நடக்கும்; தண்ணீரைப்போல ஒரு மணித்தியாலத்தில் காயாமல் ஒரு கிழமை நிற்கும். அந்த ஒரு கிழமைக்குள் காரை விற்றுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆகவே பழைய கார் வாங்கப் போகிறவர்கள் சவர்க்காரத் தண்ணீரும் ஒரு துணியும் கொண்டுபோவது நல்லது. கூரையைக் கழுவி, காயும்வரை நின்று பாருங்கள். அந்த வீட்டுத் தேநீரையும் ஆறுதலாகக் குடியுங்கள்.

இரண்டாவது சோதனை வெள்ளைத் துணிச் சோதனை. மறைவான ஓரிடத்திலே கொஞ்சம் பொலிஷை வெள்ளைத் துணியில் எடுத்துத் தேயுங்கள். காரின் நிறம் துணியில் ஏறினால் அது ஒற்றைப் பூச்சு, பயமின்றித் தேய்க்கலாம். நிறம் ஏறாமல் அழுக்கும் வெண்மையும் மட்டும் வந்தால் மேலே காப்பு இருக்கிறது, தேய்ப்பதெல்லாம் காப்பையே.

இப்போது நான்கு சொற்களுக்கும் வைத்தியம் சொல்லலாம். மங்கியதும் வெளிறியதும் மேற்பரப்பு நோய்கள். காப்பு முழுமையாக இருந்து, அதன் மேல்மட்டம் மட்டும் கலங்கியிருந்தால், 'கட் அன்ட் பொலிஷ்' என்று அவர்கள் சொல்கிற வேலை பலிக்கும். முதலிலே கரடான களிம்பு, பிறகு மென்மையான களிம்பு, அதன் பிறகு மெழுகு. ஆனால் ஒவ்வொரு தடவையும் அந்த மயிரிழைத் தடிப்பிலே சில மைக்ரோன் குறைகிறது என்பதை மறக்கக் கூடாது. பளபளப்பை நாம் வெளியிலிருந்து வாங்குவதில்லை. காப்பைச் செலவழித்து வாங்குகிறோம். வருடந்தோறும் புத்தாண்டுக்கு இயந்திரம் வைத்துத் தேய்க்கிறவர் தமது காரின் ஆயுளைத் தேய்க்கிறார்.

தேமல் விழுந்ததும் தோல் உரிந்ததும் வேறு வகை. அங்கே களிம்பு பயனில்லை. உரிந்த ஓரத்தின் மேலே கிளியரை மட்டும் அடிப்பதும் பயனில்லை. கீழே பிடிப்பில்லாத படலம் மேலே வந்ததையும் தூக்கிக்கொண்டு எழும்பும். செத்த காப்பு முழுவதையும் தண்ணீர் தொட்டு மண் கடதாசியாலே தேய்த்து எடுத்து, விளிம்புகளைச் சமப்படுத்தி, அந்தத் தகடு முழுவதற்கும் நிறமும் காப்பும் புதிதாய்ப் பூச வேண்டும். கார் முழுவதற்கும் அவசியமில்லை. கூரை போனால் கூரைக்கு. பொனற் போனால் பொனற்றுக்கு.

எனது காருக்கும் அதையேதான் அந்த முதியவர் சொன்னார். விலையும் பேசினோம். அப்போது பின்பக்கத்துக் கொட்டிலிலே ஒரு பொனற்றுக்குக் கிளியர் அடித்துக்கொண்டிருந்த பையன் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். எனது வகுப்பிலே தமிழ் படித்தவன். கையிலே ஸ்பிறே, மூக்கிலே மடித்துக் கட்டிய லேஞ்சி.

"உதுதானோ காப்பு?" என்று கேட்டேன்.

"பழகிட்டுது சேர்," என்றான்.

நேயர்களே, இந்தப் பேச்சை நான் எழுத நினைத்தது அந்த லேஞ்சியைப் பார்த்த பிறகுதான். இன்றைய கிளியர் தானாகக் காய்வதில்லை. அதோடு 'ஹார்ட்னர்' என்ற ஒன்றைக் கலக்கிறார்கள். அதிலே ஐசோசயனேற்று என்னும் இரசாயனம் இருக்கிறது. தொழிலால் வருகிற ஆஸ்மாவுக்கு உலகெங்கும் முக்கியமான காரணங்களில் ஒன்றாக அது அறியப்பட்டிருக்கிறது. தின்னரைப்போல அது மணந்து எச்சரிப்பதில்லை. மணம் தெரியாத அளவிலேயே தீங்கு செய்யும். ஒருவரின் மூச்சுக்கு அது ஒருமுறை ஒவ்வாமையாகிவிட்டால், பிறகு மிகச் சிறிதளவும் இழுப்பை எழுப்பக்கூடும். அவர் அந்தத் தொழிலையே விட நேரும். லேஞ்சி அதைத் தடுக்காது. தூசுக்குக் கட்டுகிற சாதாரண முகமூடியும் தடுக்காது. வெளியிலிருந்து சுத்தமான காற்றைக் குழாய்மூலம் கொடுக்கிற முகமூடிதான் இதற்குப் பாதுகாப்பு. அடித்து முடிந்த பின்னும் புகார் அடங்கும்வரை பக்கத்திலே யாரும் போகக் கூடாது. பழைய ஒற்றைப் பூச்சைத் தேய்த்த கைக்குத் தோள்வலி வந்தது. புதிய காப்பைப் பூசுகிற நெஞ்சுக்கு மூச்சுவலி வருகிறது. காருக்குக் காப்புப் பூசுகிறவனுக்கு ஒரு காப்பு இல்லை.

முதியவரிடம் சொன்னேன்: "அப்படி ஒரு முகமூடி எடுங்கோ அண்ணை. எனது வேலையின் விலையிலே அதற்கும் ஒரு பங்கு போடுங்கோ. அதற்குப் பிறகு கூரைக்கு அடிப்பம்."

அவர் உடனே பதில் சொல்லவில்லை. பையனைப் பார்த்தார். "ஆக்கள் ஆயிரம் ரூபாயைக் குறைக்கத்தான் பேசுறவை, மாஸ்டர். கூட்டித் தாறன் எண்டு நீங்கள்தான் சொல்லுறியள்," என்றார். கூரை இன்னும் தேமலோடுதான் இருக்கிறது. இரண்டு பேர் தாமும் பங்கு தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பெயின்ற் அடிக்கக் கொடுக்கிற ஒவ்வொருவரும் விலையைக் கேட்கும் அதே வாயால் முகமூடியையும் கேட்டால், அது அந்தக் கொட்டிலுக்கு வந்து சேரும்.

வந்தபின் காப்பதைவிட வருமுன் காப்பது எளிது. அதற்கு எமது ஊரிலேயே மருந்து இருக்கிறது. கிடுகாலே வேய்ந்த நான்கு கால் கொட்டில் ஒன்று எந்தக் களிம்பையும் வெல்லும். வேம்பின் கீழே நிறுத்துகிறவர்கள் பறவை எச்சத்தை அன்றன்றே ஈரத் துணியாலே எடுத்துவிட வேண்டும். வெயிலிலே அது காப்பைத் தின்னும். தூசோடு கிடக்கிற காருக்குப் பிளாஸ்ரிக் உறை போடாதீர்கள். சோளகக் காற்றிலே அந்த உறையே மண் கடதாசியாகும். எமது கிணற்று நீர் சுண்ணக்கல்லிலே ஊறிய நீர். கொதிக்கிற தகட்டிலே அதை ஊற்றிக் காயவிட்டால் வெண்புள்ளிகள் நிற்கும். காலையிலோ மாலையிலோ கழுவி உடனே துடைத்துவிடுங்கள். நின்றுவிட்ட புள்ளிக்கு நீர் கலந்த வினாகிரி போதும்; பிறகு நல்ல நீரால் அலம்புங்கள்.

மெழுகைப் பற்றி ஒரு வார்த்தை. கார்களுக்குப் பூசுகிற மெழுகுகளிலே பேர்பெற்றது கார்னோபா. அது பிரேசில் நாட்டின் வடகிழக்கிலே, வறண்ட நிலத்திலே வளர்கிற ஒரு பனையினத்தின் ஓலையிலிருந்து கிடைக்கிறது. கடும் வெயிலிலே தன் ஈரம் போய்விடாதபடி அந்த மரம் தன் ஓலைக்குத் தானே பூசிக்கொள்கிற மெழுகு அது. அந்த மெழுகு புற ஊதாக் கதிரை முழுவதும் தடுக்காது. நீரை வழியச் செய்யும், அழுக்கு ஒட்டாமற் காக்கும். ஆனால் காப்பைச் செலவழிக்காமல் அதன் மேலே நிற்கும். வருடத்தில் இரண்டு தடவை, சித்திரைக்கு முன்பு ஒன்று, ஆவணிக்கு முன்பு ஒன்று என்று பூசிவந்தால், சூரியன் எமது தலைக்கு மேலே வருகிற இரண்டு காலங்களுக்கும் காரை ஆயத்தப்படுத்தியவர்களாவோம். பனை நாட்டுக்காரர்களுக்கு இன்னொரு பனையின் உதவி.

இன்று மாலை வெயில் தணிந்ததும் ஒரு செம்பு தண்ணீரோடு உங்கள் காரிடம் போங்கள். கூரையிலே ஊற்றிவிட்டுக் காயும்வரை நில்லுங்கள். தண்ணீரோடு மறைந்தது காய்ந்தபின் திரும்பி வந்தால், களிம்புக்குக் காசைக் கொடுக்காதீர்கள். திரும்பாவிட்டால், இன்றைக்கே ஒரு கொட்டில் போடுங்கள்.